வரவில் இல்லாத எழுத்து

ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

உன் மூட்டுவலி முதலில். அதைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுப் பிறகு மற்றதை எழுது. அத்தானுக்கு டிப்போவில் பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டதா?

படுத்தபடியே எழுதுகிறேன். எழுத்து மலை ஏறி இறங்கினால் உன் கண்ணைச் சந்தேகப்படாதே. இரண்டு மாதம் முடிந்துவிட்டது. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "முதல் ரெண்டும் தங்கலை. இது தங்கணும்னா கட்டிலை விட்டு எறங்கக் கூடாது. அழக் கூடாது, அதிரக் கூடாது. வீட்ல யாரும் அதிர்ச்சியா எதுவும் சொல்லக் கூடாது." இவர்தான் சமைக்கிறார். நேற்றுச் சாம்பாரில் உப்பு இல்லை என்றேன். "உப்பு நாளைக்குப் போடறேன், இன்னிக்குப் பருப்பு போட்டிருக்கேன்ல" என்கிறார்.

அணிலுக்கு வழக்கம்போல் தனிச் சீட்டு மடித்து ஒட்டியிருக்கிறேன். நீ பிரிக்காதே. ஒரு பெரிய இங்கிலீஷ் வார்த்தையைக் கொடுத்தால் அதற்குள் இருக்கிற எழுத்துகளைக் கொறித்துக் கொறித்துக் குட்டி வார்த்தைகளாகத் துப்புவதில் உன் மகளை மிஞ்ச ஆள் இல்லை. நாள் முழுதும் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறேன், அவளுடைய சீட்டு வந்தால்தான் எனக்குப் பொழுது போகிறது. சீக்கிரம் எழுதச் சொல். கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அன்போடு,
உன் குட்டி


பிப்ரவரி 3

அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் ஒரு வேளையாவது சாப்பிடுகிறீர்களா என்பதைத் தவிர வேறு எதைக் கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டறை ஆபீசுக்கு நீங்கள் போன் செய்த அன்று மெஷினை நிறுத்தாமல் வெளியே போய்விட்டேன் போலிருக்கிறது, பிறகு திட்டினார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள் என்பதை இன்னும் என் வாயால் சொல்லிப் பார்க்கவில்லை. புறப்பட்டு வரவும் முடியவில்லை. எங்கே போகிறாய் என்று உங்கள் தங்கை கேட்டால் என்ன சொல்வேன்?

அவளிடம் சொல்லவில்லை அண்ணி. பிள்ளை பிறக்கும்வரை சொல்வதாகவும் இல்லை. பாவம் என்றால் அது என் தலையில் விழட்டும். நீங்களும் அதுவரை ஒன்றும் நடக்காததுபோல் எழுத வேண்டும். கேட்கவே கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும். ஆனால் தபால்காரர் மணி அடித்தால், "அணில் சீட்டு வந்துதா பாருங்க" என்கிறாள். பக்கத்து வீட்டில் படிக்கிற பிள்ளைகள் யாரிடமாவது எழுதி வாங்கி அனுப்ப முடியுமா?

மன்னிப்புக் கேட்டபடி,
தங்கை வீட்டுக்காரன்


பிப்ரவரி 24
இறைவன் துணை

தம்பிக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவளைவிட நிற்பவனுக்குத்தான் இப்போது பலம் வேண்டும். நாங்கள் சாப்பிடுகிறோம். அரிசி பாதிதான் செலவாகிறது.

நீங்கள் சொன்னதுதான் சரி. குட்டியிடம் சொல்ல வேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்க மாட்டேன். என் பெண்ணின் இடத்தில் இன்னொரு பிள்ளையை உட்காரவைத்து எழுதச் சொல்ல என்னால் ஆகாது. நானே எழுதுகிறேன்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. இங்கிலீஷ் எழுத்து அணிலோடு சேர்ந்து படித்தது. அவள் ஒன்றாவது, நானும் ஒன்றாவது. அவள் மேலே போனாள், நான் சோப்பு உறையும் மருந்துச் சீட்டும் வாசிக்கிற அளவில் நின்றேன். அவளுடைய அகராதி இருக்கிறது.

ஜனவரிச் சீட்டைப் பிரித்தேன். NEIGHBOUR என்று இருந்தது. கீழே, "இந்த முறை மாட்டிக்கொள்வாய்" என்று குட்டி எழுதியிருந்தாள். விளையாட்டு எனக்குப் புரிந்துவிட்டது தம்பி. இது வீட்டுக் கணக்கேதான். ஒன்பது எழுத்து வரவு. எதுவும் இரண்டு தரம் இல்லை. செலவு அதற்குள் இருக்க வேண்டும். முதலில் NINE என்று எழுதினேன். இரண்டு N செலவாகிறது. அழித்துவிட்டேன். அணிலுடைய சாய்வெழுத்து வருவதற்குத்தான் கை வலித்தது.

பொய் எழுதக் கூடாது என்று மட்டும் சாமி முன்னால் வேண்டிக்கொண்டேன். உண்மையை எழுதாமல் இருப்பதற்கு அனுமதி கேட்டேன். பதில் வந்த மாதிரிதான் இருந்தது.

ஆசிகளுடன்,
அண்ணி


மார்ச் 2
இறைவன் துணை

என் குட்டிக்கு,

மூட்டுவலி பற்றி நாலு வரி கேட்டாய். ஒரே வரிதான்: மாடிப்படி ஏறினால் இருக்கிறது, இறங்கினால் இல்லை. அதனால் இறங்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீ மல்லாந்து படுக்காதே, இடது பக்கம் ஒருக்களித்துப் படு. தம்பி சமையலைக் குறை சொல்லாதே. சொன்னால் நாளைக்குப் பருப்பும் இருக்காது.

அத்தானுக்குப் பகல் ஷிஃப்ட் கிடைத்தது. வீட்டுக்கு வந்தால் ரேடியோ போடுவதில்லை. அணிலைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. முன்போல் சத்தம் போடுவதில்லை. இப்போது யாருக்கும் காய்ச்சல் இல்லை.

சீட்டு உள்ளே இருக்கிறது. தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

உனக்காகத் தினமும் வேண்டுகிற,
அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

நீ சாப்பிடுகிறாயா? சரியாகத் தூங்குகிறாயா? பகலிலாவது கொஞ்சம் கண்ணை மூடு. பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. முதுகில் ஒரு பிடிப்பு. இவரிடம் கேட்டால் சொல்வார், இரண்டு நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன். இப்போது பரவாயில்லை. உள்ளே இருப்பது உதைக்கிறது.

சீட்டு வந்தது. HOUR, BONE, RING, BIG, HEN. எல்லாம் பார்த்தேன். எல்லாமே சரி அக்கா. ஒன்றிலும் குற்றம் சொல்ல முடியவில்லை.

அடுத்த வார்த்தையை இந்த முறை ஒட்டாமல் இங்கேயே எழுதுகிறேன்: UMBRELLA. அவசரம் இல்லை. மெதுவாக. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அத்தான் சாப்பிடுகிறாரா? நீ சாப்பிடுகிறாயா?

உன் குட்டி


மே 21
இறைவன் துணை

தம்பிக்கு,

அவளுக்கு இரத்தம் குறைவு என்று எழுதியிருந்தீர்கள். மாத்திரையை நீங்களே கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பாருங்கள். சின்ன வயதில் தலையணைக்கு அடியில் ஒளித்த கை அது.

UMBRELLA சீட்டைத் தனியாக அனுப்பிவிட்டேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவளிடம் சொல்லாதீர்கள்.

மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் அணிலுடைய மேசையில் உட்காருகிறேன். எழுந்தால் தலை வலிக்கிறது. இப்போதெல்லாம் எந்த எழுத்தைப் பார்த்தாலும் உடைகிறது. பஸ் பலகை, தீப்பெட்டி, இருமல் மருந்து, எல்லாம் குட்டி போடுகின்றன. போன வாரம் அந்தச் சீட்டில் MURAL என்று கை எழுதியது. எனக்கு அப்படி ஒரு வார்த்தை தெரியாது. அழிக்கப் போனேன். எதற்கும் பார்ப்போம் என்று அகராதியைத் திறந்தால், இருக்கிறது தம்பி. சுவரில் வரைகிற படமாம். எங்கள் வீட்டில் அதைத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் குதிகாலால் நாற்காலிக் காலை இடித்துக்கொண்டே இருப்பாள். "ஆணி கழண்டுடும்டி, நிறுத்து" என்பேன். இப்போது அந்தச் சத்தம் கேட்கிறது. குனிந்து பார்த்தால் என் கால்தான். எனக்கு அந்தப் பழக்கம் இருந்ததே இல்லை.

அண்ணன் ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் நின்று, "என்ன எழுதுற?" என்றார்.

"குட்டிக்கு."

"குட்டிக்குத்தான். யாரு எழுதுறது?"

நான் சீட்டைக் கையால் மூடிக்கொண்டேன். செருப்பைக் கழற்றாமலேயே திரும்பிக் கடைப்பக்கம் போய்விட்டார்.

அதே வார்த்தையில் BLAME இருந்தது. அதை எழுதவில்லை. முதல் நாளே டாக்டரிடம் போயிருக்கலாம். வரவில் இருக்கிற எல்லாவற்றையும் செலவில் காட்டத்தான் வேண்டுமா?

கேட்க நினைத்தது இதுதான்: இது பாவமா? சாமியிடம் கேட்டால் இந்த முறை பதில் வரவில்லை.

அண்ணி


ஜூன் 16

அக்கா,

அந்த மேசை ஜன்னல் ஓரம் இருக்கிறது, வெயில் முகத்தில் அடிக்கும். திரையை இழுத்துவிட்டு உட்கார். உன் தலைவலிக்கு அதுதான் காரணமாக இருக்கும்.

சீட்டைப் பார்த்தேன். MURAL அழகான வார்த்தை. எல்லாம் சரி. மறுபடியும் எல்லாம் சரி.

எனக்குக் கால் வீங்கியிருக்கிறது. இவர் தைலம் தேய்க்கிறேன் என்று பட்டறைக் கையோடு வந்து உட்காருகிறார். பாதத்தில் கிரீஸ் வாசனை. டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. எனக்கும் கொஞ்சம்.

அடுத்தது BLANKET. கழுத்துவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு கிடக்கிறேன், வேறு வார்த்தை தோன்றவில்லை.

உன் பக்கத்தில் இருக்க முடியாத,
குட்டி


ஜூலை 11
இறைவன் துணை

என் குட்டிக்கு,

வீங்கிய காலுக்கு அடியில் இரண்டு தலையணை வை. ஒன்று போதாது. திரையை இழுத்துவிட்டேன், தலைவலி பாதியாகிவிட்டது. மேசையைப் பற்றி நான் உனக்கு எப்போது எழுதினேன் என்று நினைவில்லை.

BLANKET சீட்டு உள்ளே இருக்கிறது. TABLE, ANKLE, BANK, BELT என்று பதினொன்று. எண்ணிப் பார்த்துக்கொள். வேலை முடிந்ததும் சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்ச் சாமி கும்பிட்டு வந்து, உறையில் போட்டு ஒட்டினேன்.

இனி உனக்கு நாள் நெருங்கும். சீட்டை மறந்துவிட்டு மூச்சை எண்ணிக்கொண்டிரு. நல்லபடியாக ஆகும். அதற்கு நான் பொறுப்பு என்று மேலே இருப்பவரிடம் கையெழுத்தே போட்டிருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 20

அண்ணிக்கு,

உங்கள் பிரார்த்தனை வீண்போகவில்லை. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். இன்னொரு முறை எழுதுகிறேன், எனக்கே வாசிக்க வேண்டும்போல் இருக்கிறது: தாயும் சேயும் நலம்.

வீட்டுக்கு அழைத்து வந்தபிறகு, கையைப் பிடித்துக்கொண்டு அணிலைப் பற்றிச் சொன்னேன். ஏழு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே, "தெரியும்" என்றாள். "எப்பத்துலேர்ந்து?" என்றேன். "அக்காவுக்கு நானே எழுதறேன், நீங்க போய்ப் பால் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

நான் யாரையும் ஏமாற்றவில்லை போலிருக்கிறது அண்ணி.

தம்பி


செப்டம்பர் 15

அக்கா,

உன் மடியில் தலை வைத்துச் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறேன். அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், அதனால் பயப்படாமல் வாசி.

அணில் ஒரு திருடி, அக்கா. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வார்த்தை திருட்டு வார்த்தையாக இருக்கும். பெரிய வார்த்தையில் இல்லாத எழுத்தை எங்கிருந்தாவது இழுத்துப் போட்டு எழுதியிருப்பாள். அதை நான் பிடிக்க வேண்டும். அதுதான் விளையாட்டே. மற்ற வார்த்தைகள் எல்லாம் திருட்டை மூடி வைக்கிற வைக்கோல். உனக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான் சித்தி. கணக்குல ஒரு பைசா இடிச்சாலே சாப்பிடாம உக்காந்திருக்கும். எழுத்து இடிச்சா என்னையே கூட்டிக் கழிச்சுடும்."

மார்ச் மாதச் சீட்டைப் பிரித்தேன். திரும்பத் திரும்ப எண்ணினேன். திருட்டே இல்லை. எழுத்துச் சாய்வு அவளுடையது, கணக்கு உன்னுடையது. பிறகு உன் கடிதத்தை மறுபடி வாசித்தேன். இப்போது யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று எழுதியிருந்தாய். காய்ச்சலைப் பற்றி நான் கேட்கவே இல்லையே அக்கா.

அழக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போர்வை ஓரத்தைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பிறகும் ஏன் வார்த்தை அனுப்பினேன் என்று கேட்பாய். நான் நிறுத்தினால் நீ மத்தியானங்களை என்ன செய்வாய் என்று பயம். நீ எனக்காக எழுதினாய், நான் உனக்காக அனுப்பினேன், இவர் மட்டும் இரண்டு பேரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மேசையைப் பற்றி இவருக்கு வந்த உன் கடிதத்தை, கட்டில் ஓரம் கழற்றிப் போட்டிருந்த சட்டைப் பையில் பார்த்தேன்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

BLANKET சீட்டில் பதினொன்று என்று எழுதியிருந்தாய். பன்னிரண்டு இருந்தது. கடைசியில் KETTLE. BLANKET-ல் ஒரு E, ஒரு T. KETTLE-க்கு இரண்டு E, இரண்டு T. ஒரே வார்த்தையில் இரண்டு திருட்டு. அவளேகூட அவ்வளவு துணிந்து திருடியதில்லை.

திருட்டு உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அதை யார் எழுதியது அக்கா?

குழந்தைக்கு உன் மூக்கு. வந்து பார். அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. அந்த வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் வெளியே வா.

குட்டி


அக்டோபர் 8
இறைவன் துணை

என் குட்டிக்கும் என் மூக்கைத் திருடியவளுக்கும்,

குழந்தையின் உச்சந்தலையில் எண்ணெய் காயாமல் பார்த்துக்கொள். உனக்குப் பால் போதுமா என்று எழுது. எனக்கு மூட்டு வலிக்கவில்லை. வலித்தாலும் கவனிக்க நேரம் இல்லை.

உன் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பதினான்கு வருடம் என் கையால் சோறு போட்டேன். தலை வாரினேன். அவளுக்குத் திருடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் திருடியிருக்கிறாள், என்னிடம் ஏன் திருடவில்லை? நான் பிடித்திருக்க மாட்டேனா? பிடித்துவிட்டுச் சிரித்திருக்க மாட்டேனா? மாட்டேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதை அவள் தப்பாகக் கணித்தாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அத்தான் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"சீட்டுல நீங்க எதாவது எழுதினீங்களா?"

"நானா? ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டியில இருக்கிறதைப் பார்த்து எழுதச் சொன்னா எழுதுவேன். சொந்தமா எனக்கு என்ன வரும்?"

"அவ திருடுவாளாம். எழுத்தை."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "தெரியும்" என்றார். "எங்கிட்ட காமிச்சுக் காமிச்சுச் சிரிப்பா. உங்கிட்ட சொல்லாதேன்னா."

"அப்ப நீங்கதான் எழுதியிருக்கணும்."

"பொண்ணு மேல சத்தியமா இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்தச் சத்தியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதோம். சோறு காய்ந்துவிட்டது.

அப்படியானால் என் கைதான் எழுதியிருக்க வேண்டும். MURAL எழுதிய கை இதையும் எழுதியிருக்கலாம். மறுநாள் மத்தியானம் அதே மேசையில் உட்கார்ந்து, BLANKET என்று மேலே எழுதி, வேண்டுமென்றே திருடிப் பார்த்தேன். BEE என்று சின்னதாக ஒரு திருட்டு. B எழுதினேன், E எழுதினேன். இரண்டாவது E-க்குக் கை வரவில்லை குட்டி. இன்னொரு நாள் முயன்றேன். கண்ணை மூடிக்கொண்டும் முயன்றேன். வரவில் இல்லாததைச் செலவெழுத இந்தக் கைக்குத் தெரியாது. முப்பது வருடம் பழகிய கை.

பதினொன்றுதான் எழுதினேன். எண்ணித்தான் வைத்தேன். சாமி கும்பிட்டு வந்ததும் திரும்ப எண்ணவில்லை, அது ஒன்றுதான் என் தவறு. கதவு தாழ்போட்டு இருந்தது. அத்தான் டிப்போவில். எங்கள் வீட்டில் கெட்டில் என்று ஒரு பொருளே கிடையாது.

நாங்கள் வருகிறோம். அத்தான் பத்து நாள் லீவு சொல்லிவிட்டார். இருபத்தைந்தாம் தேதி ரயில். சாவி இரண்டும் என் கைப்பையில்தான் இருக்கும், பக்கத்து வீட்டில் கொடுக்கப் போவதில்லை.

ஆனால் அதற்குள் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு. உடனே தபாலில் போட்டால் புறப்படுவதற்கு முன் வந்துவிடும். அதை ஒரு வெள்ளைச் சீட்டின் தலையில் எழுதி, மேசையில் விரித்து, காற்றில் பறக்காமல் அகராதியை ஓரத்தில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டுவேன். நாற்காலியைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைப்பேன், உள்ளே தள்ளி வைத்தால் அவளுக்குப் பிடிக்காது.

திரும்பிப் போகும்போது சீட்டு வெள்ளையாகவே இருந்தால், எழுதியது நான்தான், எப்படியோ நான்தான் என்று ஒத்துக்கொண்டு அந்த மேசையை யாராவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறேன். இது சாமி முன்னால் சொன்ன வார்த்தை, மாற மாட்டேன். காலையில் அந்தச் சாமியிடமே, வெள்ளையாக இருக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

நீளமான வார்த்தையாகப் பார்த்து அனுப்பு. பென்சிலைக் கூராகச் சீவி வைத்துவிட்டு வருகிறேன்.

உன் அக்கா